பிரிட்டனில் ஊருக்கு ஊர் ஆங்கிலம்: உங்கள் காது பட்ட பாடு

லீட்ஸிலிருந்து:
"பிரிட்டிஷ் ஆக்சென்ட் வந்துடுச்சா?" ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எந்த பிரிட்டிஷ் என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். நான் இருக்கும் யார்க்‌ஷயரில் பஸ் 'புஸ்', கப் 'குப்'. லண்டன்காரர் 'பாத்' என்று நீட்டுவதை இங்கே 'பத்' என்று நறுக்கிவிடுவார்கள். பழைய பிபிசி ஆங்கிலத்தைத் தெருவில் பேசுபவர்கள் கொஞ்சம் பேர்தான். உங்கள் பக்கம் எப்படி? எழுதுங்கள்.

நியூகாசிலில் நர்ஸ்:
இந்த ஊர்ப் பேச்சுக்கு ஜோர்டி என்று பெயர். வாக்கியம் முடிகிற இடத்தில் குரல் மேலே ஏறும். சொன்னாரா, கேட்டாரா என்றே பிடிபடாது. சின்னவர் பெரியவர் பார்க்காமல் எல்லாரையும் 'பெட்' (pet, செல்லம்) என்பார்கள், அது பிடித்துப்போனது. ஆஷிங்டன் பக்கத்துப் பழைய சுரங்கத் தொழிலாளிகள் பேசுவது அதிலும் தனி ரகம், 'பிட்மாட்டிக்' என்பார்கள்.

எங்கள் வார்டுக்கு ஒரு பெரியவர் வந்தார். இன்னும் வடக்கே, ஸ்காட்லாந்து எல்லையோரத்து விவசாயி. அவருக்கு 'ர' நாக்கு நுனியில் வரவே வராது. பிரெஞ்சுக்காரர் மாதிரி தொண்டைக்குள்ளிருந்து உருண்டு வரும். நியூகாசிலிலேயே பிறந்து வளர்ந்த டாக்டர், கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று என்னிடம், "உனக்காவது புரியுதா?" என்றார். அந்த 'ர' இப்போது வயதான சிலரிடம்தான் மிச்சமாம். மாத்திரை கொடுக்கிற சாக்கில் அடிக்கடி போய்ப் பேச்சுக் கொடுப்பேன்.

லிவர்பூலிலிருந்து:
இங்கே வந்து 'சிக்கன்' கேட்டுப் பாருங்கள். நடுவில் 'க்' வராது, காற்றுதான் வரும். 'பகல்' என்று சொல்லும்போது நம் 'க' இளகுமே, அப்படி, இன்னும் கொஞ்சம் கரகரப்பாக. 'பேக்' (back) கிட்டத்தட்ட 'பேஃ'. மான்செஸ்டருக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆனால் அங்கே பேச்சு வேறு. 1840-களில் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்கள் கொண்டுவந்த பேச்சுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பார்கள்.

கிளாஸ்கோவில் ஐடி வேலை:
எல்லாரும் பயமுறுத்தி அனுப்பினார்கள். எனக்கென்னவோ லண்டனைவிட இதுதான் சுலபம். லண்டன்காரர் 'கார்' என்பதில் 'ர்' விழுங்கிவிடுவார். இவர்கள் எழுதியபடி, நம்மைப் போலவே, 'ர்' போடுவார்கள். 'வேர்ல்ட்' என்பது 'வரல்ட்' ஆகிவிடும், அவ்வளவுதான். 'வாட்டர்' நடுவே 'ட்' காணாமல் போவதற்குத்தான் நாளானது. ஒருநாள் இந்த ஊர் நண்பர் போனில் மீட்டர் ரீடிங் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் இயந்திரக் குரல், "மன்னிக்கவும், புரியவில்லை" என்றே பாடிக்கொண்டிருந்தது. கடுப்பாகி போனை என்னிடம் நீட்டினார். நம் மதுரை இங்கிலீஷை உடனே ஏற்றுக்கொண்டது!

லீட்ஸிலிருந்து, மறுபடி:
பிரமாதம். இங்கே ஒரு பழைய கதை. 1941-ல், போர் நடக்கும்போது, ஹாலிஃபாக்ஸில் பிறந்த வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் என்பவரை பிபிசி தேசியச் செய்தி வாசிக்க வைத்தது. ஜெர்மானியர்கள் அவர் யார்க்‌ஷயர் பேச்சைப் போலி செய்வது கஷ்டம் என்ற கணக்கும் அதில் உண்டு. அவர் வடக்கத்திக்காரர்களுக்கு 'குட் நைட்'டை 'குட் நீட்' என்று சொல்லி விடைபெறுவார். நேயர்கள் சும்மா இருப்பார்களா? ஏகப்பட்ட புகார்.

பர்மிங்ஹாமிலிருந்து:
எங்களை மறந்துவிட்டீர்களே. எது இனிமையான ஆக்சென்ட் என்று கருத்துக்கணிப்பு நடத்தினால் பெரும்பாலும் கடைசி வரிசை எங்களுக்குத்தான். இங்கே 'குட் நைட்' ஏறக்குறைய 'குட் நொய்ட்'. என் மகள் இங்கே பிறந்தவள், வீட்டில் அப்படித்தான் பேசுவாள். வேலை இன்டர்வியூ போன் வந்தால் மட்டும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு லண்டன்காரியாகிவிடுகிறாள். இதை நானும் சொல்லித்தரவில்லை, அவள் அம்மாவும் சொல்லித்தரவில்லை.