தலை நிமிர முடியாத பூனை: சிறுநீரகம் மட்டும்தான் காரணமா?

கேள்வி:
எங்கள் பெண் பூனைக்கு 13 வயது. சில நாள்களாக மோவாய் மார்பில் படும்படி தலையைத் தொங்கப்போட்டிருக்கிறது. நம்மைப் பார்க்க வேண்டுமானால் கண்களை மட்டும் மேலே உயர்த்துகிறது. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 2.3, பொட்டாசியம் 2.6, ரத்த அழுத்தம் 195. எல்லாமே சிறுநீரகப் பழுதின் விளைவு என்கிறார் மருத்துவர். அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதில் (கால்நடை மருத்துவர்):
நாள்பட்ட சிறுநீரக நோயில் பொட்டாசியம் குறைவதும் அழுத்தம் உயர்வதும் உண்டு என்பதால், அவர் கூறுவதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் இந்த அளவுக்குச் சேர்ந்து வரும்போது சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரீனல் சுரப்பியைப் பார்க்காமல் விடக் கூடாது. அதில் கட்டி உண்டாகியோ, சுரப்பியே பருத்தோ ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் மிகுந்துவிட்டால், அது சிறுநீரகத்தில் சோடியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும்; அதனால் ஏறும் அழுத்தம் சிறுநீரகத்தையும் கெடுப்பதால், கிரியேட்டினினை மட்டும் வைத்து எது முந்தியது என்று தீர்மானிக்க இயலாது. நாயின் தலையைத் தாங்கும் பிடரி நார் பூனைக்கு இல்லை. பொட்டாசியம் குறைந்து தசை தளர்ந்ததும் கழுத்து தொங்குவது அதனால்தான்.

வயிற்று ஸ்கேனும் ரத்த ஆல்டோஸ்டீரோன் அளவும் தேவை. ஆல்டோஸ்டீரோனின் செயலைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிடுங்கள். தொடங்கிய பின் முடிவு குழப்பும். 195 என்ற அழுத்தத்தில் விழித்திரை பிரிந்து பார்வை போகலாம். ஆகவே அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் மருந்தைத் தொடங்க ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டாம். கண்ணையும் இன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அம்லோடிபின் 2.5 மி.கி. மாத்திரையில் கால் பங்கு எழுதித் தந்திருக்கிறார். பொட்டாசியத்துக்கு இளநீர் கொடுக்கலாமா?

பதில் (பூனை வளர்ப்பவர்):
என் பூனைக்கு இதே நோய்தான். இடப்பக்க அட்ரீனலில் கட்டி இருந்தது. இளநீரில் பொட்டாசியம் உண்டென்றாலும் காய்க்குக் காய் அளவு மாறும். தேவையான அளவைப் பூனை குடிக்கவும் குடிக்காது. பொட்டாசியம் குளுக்கோனேட்டை ஈர உணவில் பிசைந்து கொடுத்தோம். சுரப்பியை அகற்றும் வரை அதையும் ஸ்பைரோனோலாக்டோனையும் நிறுத்தவில்லை.

பதில் (கால்நடை மருத்துவர்):
டிரிப்ஸ் ஏற்றச் சொன்னால் அதில் பொட்டாசியம் சேர்க்கப்படுகிறதா என்று கேளுங்கள். வெறும் டிரிப்ஸ் இருப்பதையும் நீர்க்கச் செய்துவிடும். சேர்த்தாலும் மணிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிமோல் என்ற அளவைத் தாண்டக் கூடாது. வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும்.