ஆறு கறுத்துப்போனால் எந்த ஆபீசுக்குப் போவது?

பாய்லர்காரர் மகள்:

வணக்கம். மலேசியாவில், பேரா மாநிலத்தில் ஒரு தோட்டப்புற ஊரிலிருந்து எழுதுகிறேன். ஊர் பெயர், தோட்டத்தின் பெயர் எதையும் போடவில்லை. அப்பா இன்னும் அந்தச் செம்பனை எண்ணெய் ஆலையில்தான் பாய்லர் வேலை பார்க்கிறார். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

விஷயம் எங்கள் ஆறு. லயத்துக்குப் பின்னால் பழைய ஆயாக்கொட்டகையைத் தாண்டி இறங்கினால் வரும், பதினைந்து அடி அகலம் இருந்தால் அதிகம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா அதில்தான் துணி துவைப்பார். சாயங்காலத்தில் நீர்நாய்க் கூட்டம் ஒன்று வரிசையாகத் தலையை நீட்டிக்கொண்டு நீந்திப் போகும். பாட்டி அதற்கு 'மீன்காரன் குடும்பம்' என்று பேர் வைத்திருந்தார்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ராத்திரி பூரா மழை. விடிந்து போய்ப் பார்த்தால் தண்ணீர் கொப்பி ஓ (பால் விடாத காப்பி) நிறத்தில் ஓடுகிறது, புளித்த வாடை வேறு. மத்தியானத்துக்குள் லம்பாம் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. விரால் மட்டும் சாகவில்லை, வாயைப் பிளந்து பிளந்து மேலே வந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் இதே மாதிரி மூன்று தடவை நடந்துவிட்டது. நீர்நாய்களைத் தீபாவளிக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

மாரியம்மன் திருவிழாவுக்கு அந்த ஆற்றங்கரையில்தான் கரகம் ஜோடிப்போம். தாத்தா காலத்துப் பழக்கம். இந்தச் சித்திரையில் கமிட்டிக்காரர்கள் இரண்டு வாளியில் பைப்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். பூசாரி வாளியைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் வேலையை ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் நெஞ்சு அடைத்துக்கொண்டது.

நாலு இடத்துக்குப் போய் வந்தேன். எந்தெந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. ஒரு இடத்தில் "அது தோட்டத்து நிலம், தனியார் சொத்து" என்றார்கள். குப்பை லோரி உள்ளே வராததற்கும் தெருவிளக்கு எரியாததற்கும் இருபது வருடமாக இதே பதில்தான். இன்னொரு இடத்தில் "செத்த நீர்நாய் இருக்கிறதா, படம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். காணாமல் போனதை எப்படிப் படம் பிடிப்பது? மூன்றாவது இடத்தில் தாங்கள் வெள்ளம் மட்டும்தான் பார்ப்பதாகச் சொன்னார்கள். நாலாவது இடத்திலிருந்து ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது: நேரில் வந்து பார்த்தோம், கழிவு எதுவும் வெளியேறவில்லை. அவர்கள் வந்தது வெயில் நாள், காலை பதினொரு மணி. பார்த்தவர்கள் சொன்னார்கள்.

எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதி எல்லோருக்கும் ஒரு நகல் அனுப்பிவிடலாமா? அப்பா பேர் வெளியே வராமல் இதைச் செய்ய வழி இருக்கிறதா?

*

பழைய கிராணி:

பிள்ளை, அந்தக் காரியத்தை மட்டும் செய்யாதே. நான் முப்பத்தொரு வருடம் தோட்ட ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. அடியில் ஆறு பேருக்கு நகல் போட்டு வரும் கடிதத்தை என்ன செய்வோம் தெரியுமா? 'மற்றவர்கள் கவனிப்பார்கள்' என்று கோப்பில் செருகிவிடுவோம். நானே செருகியிருக்கிறேன். ஒரு கடிதம், ஒரு அலுவலகம், ஒரு கேள்வி. அப்போதுதான் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருப்பார்.

'தனியார் நிலம்' என்ற பேச்சு லயத்துக்குப் பொருந்தலாம், ஆற்றுக்குப் பொருந்தாது. 1920ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டம் என்று ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. பேரா உட்பட சில மாநிலங்களில் அதுதான் நடப்பில் உள்ளது. அதன்படி மாநிலத்தின் ஆறுகள் அத்தனையும் ஆட்சியாளருக்கு, நம் ஊரில் சுல்தானுக்கு, உரியவை. தோட்டத்து கிராண்டில், அதாவது நிலப் பத்திரத்தில், எத்தனை ஏக்கர் எழுதியிருந்தாலும் அதன் நடுவில் ஓடும் ஆறு துரைக்குச் சொந்தமாகாது. கடிதத்தின் முதல் பத்தியில் இதை எழுது.

இனி யார் எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன். ஆலைக் கழிவு என்றால் சுற்றுச்சூழல் துறை, அது மத்திய அரசு. 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டமும் செம்பனை ஆலைகளுக்கென்றே வந்த 1977 விதிமுறைகளும் அவர்கள் கையில். ஆலை உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், கழிவுநீரின் அளவுகளைத் துறைக்கு ஒப்படைக்க வேண்டும். ஆகவே 'வந்து பாருங்கள்' என்று மட்டும் எழுதாதே. 'உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இந்தப் புகார் கணக்கில் எடுக்கப்படுமா?' என்று கேள். சும்மா கேட்கிற கேள்வி இல்லை அது, ஆலைக்காரனுக்கும் உறைக்கும். 2024இல் சட்டத்தைத் திருத்தி அதிகபட்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட் வரை ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் காலத்து அபராதத்தை ஆலைகள் தேநீர்ச் செலவு மாதிரி கட்டிவிட்டுப் போகும்.

நீர்நாய் விஷயத்துக்கு 'பெர்ஹிலித்தான்' எனும் வனவிலங்குத் துறை. 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட பிராணி. நிலமும் காடும் மாநிலத்தின் பட்டியலில் இருக்கின்றன, வனவிலங்கு மட்டும் மத்திக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலில். இரண்டு மாமியார் இருக்கிற வீட்டில் மருமகளுக்குச் சோறு போடுவது யார் என்ற கதைதான்.

லயத்துத் தண்ணீர், மின்சாரம் பற்றிய குறை தனிக் கடிதம். அதற்கு 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் இருக்கிறது, தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும். குப்பைக்கு மாவட்ட மன்றம். அங்கே உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களை நீயோ நானோ தேர்ந்தெடுக்கவில்லை. உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டதோடு சரி, இன்றுவரை மாநில அரசின் நியமனம்தான். அதனால் அந்தக் கடிதத்தை மன்றத்துக்கு அனுப்பிவிட்டு, உன் சட்டமன்ற உறுப்பினரை நேரில் போய்ப் பார். நீ ஓட்டுப் போடுவது அவருக்குத்தான்.

*

லேப்பில் இருந்தவன்:

தங்கச்சி, விரால் சாகவில்லை என்று எழுதினீர்களே, அது முக்கியமான தடயம். விராலுக்கு மேலே வந்து நேராகக் காற்றை மூச்சு வாங்கத் தெரியும், லம்பாமுக்குத் தெரியாது. லம்பாம் செத்து விரால் பிழைத்தால் தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துவிட்டது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பூச்சிமருந்தோ விஷமோ என்றால் விராலும் போயிருக்கும். இதைக் கடிதத்தில் அப்படியே எழுதுங்கள்.

நான் வேறொரு மாநிலத்தில் ஒரு ஆலையில் ஒன்பது வருடம் லேப்பில் இருந்தேன். பழக்குலையை நீராவியில் வேகவைத்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சகதித் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். அதை வரிசையாக இருக்கும் குளங்களில் வாரக்கணக்கில் தேக்கி, அதிலுள்ள கழிவைக் கிருமிகள் தின்னும்படி விட்டு, கடைசிக் குளத்திலிருந்துதான் ஆற்றில் விட வேண்டும். கழிவின் வீரியத்தை பி.ஓ.டி. என்ற கணக்கில் அளப்போம், அதாவது அதைத் தின்னக் கிருமிகளுக்கு எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்ற கணக்கு. ஆலையை விட்டு வரும்போது அது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆற்றில் விடும்போது 100க்கு மேல் போகக் கூடாது. ஆறு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து, சில ஆலைகளின் உரிமத்தில் 20 என்றுகூடப் போட்டிருப்பார்கள்.

குளத்தை வருடக்கணக்கில் தூர் வாராமல் விட்டால் அடியில் சகதி ஏறி, பாதிக் குளம்தான் வேலை செய்யும். பழம் குவிகிற மாதமும் மழையும் சேர்ந்து வந்தால் கரை தளும்பும். சில இடங்களில் தளும்பும் வரை காத்திருக்க மாட்டார்கள். ராத்திரி மழையில் யாருக்குத் தெரியப் போகிறது? இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் தினமும் காலை ஆறரைக்கும் சாயங்காலம் ஆறரைக்கும் ஒரு வரி: தண்ணீர் நிறம், வாடை, நேற்று மழையா. ஆலைக்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம், தினமும் அதே இரண்டு இடங்களில் நின்று படம். மேலே தெளிவு, கீழே கறுப்பு என்றால் பேச்சே வேண்டாம். தண்ணீரை நீங்களே போத்தலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். குளிர்ப்பெட்டியில் வைத்து உடனே லேப்புக்குப் போகாவிட்டால் அந்த அளவுக்கு மதிப்பில்லை. அதிகாரி வந்து எடுத்து முத்திரை வைத்ததுதான் வழக்குக்கு நிற்கும். தண்ணீர் கறுத்த அந்த மணி நேரத்திலேயே போன் போட்டு, புகார் எண் வாங்குங்கள்.

அப்பா விஷயம். 2010இல் வந்த தகவல் கொடுப்போர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்கத் துறையிடம் நேராகச் சொல்பவருக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது. முகநூலில் ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு அந்தச் சட்டத்தை நம்ப முடியாது. அதைவிட நல்ல யோசனை, அப்பாவை எதுவும் கேட்காதீர்கள். ஆற்றங்கரையில் நின்று கண்ணால் பார்த்ததை எழுத அவர் எதற்கு?

*

ஆறு ஏக்கர்:

எல்லோரும் ஆலையைத் திட்டுகிறீர்கள். என் ஆறு ஏக்கர் பழத்தை அந்த மாதிரி ஆலைதான் வாங்குகிறது. வெட்டின பழம் ஒரு நாள் தாமதித்தாலே தரம் குறையும், விலையை வெட்டுவான். ஆலையை ஒரு மாதம் மூடினால் என் பழத்தை எங்கே கொண்டுபோவது? உங்கள் அப்பா சம்பளம் என்ன ஆகும்? கொஞ்சம் யோசித்து எழுதுங்கள்.

*

பாய்லர்காரர் மகள்:

அண்ணே, நான் ஆலையை மூடச் சொல்லவில்லை. குளத்தைத் தூர் வாரச் சொல்கிறேன். அதற்கும் கூலிக்கு ஆள் வேண்டும்தானே, நம் ஆட்களுக்கே வேலை.

*

ஈப்போ மாமா:

ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் பக்கம் புக்கிட் மேராவில் அரிய மண் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து ஜனங்கள் 1985இல் வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 1993இல் மேல் நீதிமன்றத்தில் தோற்றார்கள். அடுத்த வருடம் ஆலை மூடப்பட்டது. தோற்ற ஜனங்களா மூடவைத்தார்கள் என்று கேட்டால், பின்னே வேறு யார்?

இன்னொரு பக்கம், 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்து, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றுபோனது. அன்றைக்கு எல்லா அதிகாரியும் ஆற்றங்கரையில்தான் நின்றார்கள். உங்கள் ஆறு போய்ச் சேரும் இடத்தில் குடிநீர் எடுக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். எடுத்தால் கடிதத்தில் அந்த வரியை மேலே போடுங்கள்.

*

பாய்லர்காரர் மகள்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கொப்பி எழுதினேன். முதல் பத்து நாள் நான். அப்புறம் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி மகன் பிடுங்கிக்கொண்டான். வாடை என்ற இடத்தில் அவன் எழுதுவது 'தப்பாய் (புளிக்கவைத்த சோறு) மாதிரி', 'பழைய சாக்ஸ் மாதிரி'. மாற்றாமல் அப்படியே விட்டேன். கிளினிக் டெசா எனும் கிராம மருந்தகத்து மிஸ்ஸி (நர்ஸ்) தன் பங்குக்கு, சொறி என்று வந்த பிள்ளைகளை எந்தெந்தத் தேதியில் பார்த்தார் என்று பேர் இல்லாமல் தேதியை மட்டும் சொன்னார். கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கறுப்புத் தண்ணீருக்கு அடுத்த இரண்டு மூன்று நாளில்தான் வருகிறார்கள். இது நிரூபணம் இல்லை, தெரியும். கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்தேன்.

கீழே பதினொரு கிலோமீட்டரில் குடிநீர் எடுக்கும் இடம் இருக்கிறது. மாமாவுக்கு நன்றி.

நாலு கடிதம் தனித்தனியாகப் போனது. இரண்டுக்குப் பதில் வந்துவிட்டது. குப்பைக்கு மறுபடியும் 'தனியார் நிலம்'. ஆனால் போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை தண்ணீர் கறுத்தது, ஆறே முக்காலுக்குப் போன் போட்டேன், ஒன்பதரைக்கு இரண்டு அதிகாரிகள் குளிர்ப்பெட்டியோடு வந்து இறங்கினார்கள். மேலே ஒரு போத்தல், கீழே இரண்டு போத்தல். தம்பி மகன் கொப்பியை நீட்டினான். அதிகாரிகளில் ஒருவரான அந்த அம்மா வாங்கி எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, 'சாக்ஸ்' என்ற இடத்தில் சிரித்துவிட்டார்.

முடிவு இன்னும் வரவில்லை. அப்பா வேலை முடிந்து வந்து, குளத்தங்கரையில் புதிதாக ஒரு எக்ஸ்கவேட்டர் நிற்கிறது என்று மட்டும் சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் மேலே சொல்லவில்லை.

லேப் அண்ணனுக்கு ஒரு கேள்வி: முடிவின் நகலைக் கேட்டு வாங்க எனக்கு உரிமை உண்டா? பினாங்கிலும் சிலாங்கூரிலும் தகவல் உரிமைச் சட்டம் இருப்பதாகப் படித்தேன். ஆனால் அவை மாநிலச் சட்டங்கள், சுற்றுச்சூழல் துறையோ மத்திய அரசுடையது. எந்த வார்த்தையில் எழுதிக் கேட்பது?