கிரீட் தீவில் வழிகாட்டியோடு நடைப்பயணம்: அம்மாவையும் கூட்டிப் போகலாமா?

எல்லோருக்கும் வணக்கம். மே மாதக் கடைசியில் கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில், மேற்குப் பக்கம், வழிகாட்டியோடு போகும் ஒரு நடைப்பயணக் குழுவில் சேரலாம் என்றிருக்கிறோம். அம்மாவும் வருகிறார். அறுபதைத் தாண்டியவர், தினமும் நடப்பவர். ஆனால் இறக்கம் என்றால் முழங்கால் வலிக்கும்.

என் கவலை சமாரியா பள்ளத்தாக்கு பற்றித்தான். சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், ஓமாலோஸ் சமவெளி ஓரத்தில் தொடங்கி, 16 கிலோமீட்டர் இறங்கி, கடலோரத்து அகியா ரூமெலியில் முடிகிறது. தொடக்கத்திலேயே செங்குத்தான இறக்கம். அப்புறம் ஆற்றுப்படுகையின் உருண்டைக் கற்கள் மேல் மணிக்கணக்கில் நடை. நடுவில் முடியாமல் போனால் ஏறிக்கொள்ள வண்டி கிடையாது. அகியா ரூமெலிக்கே சாலை இல்லை, படகில்தான் வெளியேற வேண்டும்.

அதனால் ஒரு யோசனை. அம்மா அன்று படகில் நேராக அகியா ரூமெலிக்கு வந்து, கீழிருந்து 'இரும்புக் கதவுகள்' வரை மட்டும் நடக்கலாம். இரு பக்கமும் பாறைச் சுவர் நெருங்கி, சில மீட்டர் அகலமே இருக்கும் அந்த இடத்தை அவர் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் ஆசை. இப்படி ஒருவரைத் தனியாக அனுப்ப குழு வழிகாட்டிகள் ஒத்துக்கொள்வார்களா? ஊன்றுகோல் இறக்கத்தில் உண்மையிலேயே உதவுமா? சைவச் சாப்பாட்டுக்குச் சிரமம் உண்டா?

போய் வந்தவர்கள் தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் தெரிந்தால் பெரிய உதவி.