விசிறி ஓடினால் மட்டும் திரையில் எண்கள் உறைந்துபோகின்றன: ரவுட்டரை மாற்றலாமா?

ஜூரோங்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மொட்டைமாடியில் தண்ணீரைக் குளிர்விக்கும் கூலிங் டவர் விசிறிகள் இரண்டு, இரண்டுக்கும் தனித்தனி விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்). அவற்றிலிருந்து எண்கள் ஆர்எஸ் 485 என்ற தகவல் கம்பியில் மோட்பஸ் (கருவிகள் பேசிக்கொள்ளும் முறை) வழியாகக் கீழே கேட்வே என்ற இணைப்புப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து 4ஜி ரவுட்டர் மூலம் அலுவலகத் திரைக்குப் போகின்றன. விசிறிகள் நின்றிருந்தால் எண்கள் ஒழுங்காக வருகின்றன. ஓடத் தொடங்கினால் ஒரு டிரைவின் எண்கள் உறைந்துவிடும், சில நேரம் இரண்டுமே. போன வாரம் மதிய வெயிலில் ஒரு விசிறி தானாகவே நின்றுபோனது. ரவுட்டரை மாற்றுங்கள் என்கிறார்கள் நிறுவிக் கொடுத்தவர்கள்.

கருவிக்கடை:
ரவுட்டரை விடுங்கள். அது கெட்டிருந்தால் விசிறி நின்றிருக்கும்போதும் எண் வராதே! இது விஎஃப்டி கிளப்பும் மின் இரைச்சல். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 485 கேபிளின் ஏ, பி கம்பிகளுக்கு நடுவே மீட்டர் வைத்து எத்தனை ஓம் என்று பாருங்கள். கேபிளின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் சுமார் 60 காட்டும். அப்புறம், சிக்னல் கேபிள் எந்த ட்ரேயில் போகிறது? பேனலைத் திறக்கும்முன் உங்கள் எல்இடபிள்யூவிடம் (உரிமம் பெற்ற மின் பணியாளர்) ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஜூரோங்வாசி:
40 காட்டுகிறது அண்ணே. கேபிள் மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில், கட்டிப்போட்ட மாதிரி போகிறது.

கருவிக்கடை:
40 என்றால் மூன்று ரெசிஸ்டர் இருக்கிறது. வரிசையில் நடுவில் இருக்கும் டிரைவில் ரெசிஸ்டரைச் சேர்க்கும் குட்டி ஸ்விட்சை (டிப் ஸ்விட்ச்) அணையுங்கள். கூடுதல் சுமையால் சிக்னல் மெலிந்துபோய், இரைச்சல் சுலபமாக அதை விழுங்கிவிடுகிறது. கேபிளைத் தனி ட்ரேக்கு மாற்றுங்கள். மோட்டார் கேபிளைக் கடந்தே ஆகவேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும், கூடவே ஓடக் கூடாது. முறுக்கிய ஜோடி, ஷீல்டு உள்ள கேபிள்தான் வேண்டும். ஷீல்டை எங்கே எர்த் செய்வது என்பதை டிரைவின் கையேட்டில் பாருங்கள். அதிலும் அடங்காவிட்டால் கம்பியில் தகவல் போகும் வேகத்தை (பாட் ரேட்) 9600க்குக் குறையுங்கள். விசிறி எண்களுக்கு அது தாராளம்.

முப்பந்தல்காரன்:
இங்கே வருமுன் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலையில் வேலை பார்த்தவன். கம்பி விஷயம் சரி, ஆனால் விசிறி நின்றதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்று டிரைவில் ஒரு அமைப்பு இருக்கும். உங்களுடையதில் அது 'நிறுத்து' என்று இருக்கலாம், பாருங்கள்.

ஆடிக் காற்றில் காற்றாலை அளவுக்கு மீறிச் சுற்றினால் பிரேக் போடுவது கோபுரத்திலேயே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிதான். தூரத்துத் திரையின் உத்தரவுக்கு அது காத்திருக்காது, லைன் போனாலும் தன் வேலையைச் செய்யும். அதே மாதிரி, தண்ணீர் வெப்பநிலை சென்சாரை 4–20 மில்லி ஆம்பியர் சிக்னலாக நேராக டிரைவுக்கே கொடுத்து, வேகத்தை அதுவே தீர்மானிக்கும்படி வையுங்கள். தொடர்பு போனாலும் விசிறி ஓடட்டும். இதுவே தொட்டி நிரப்பும் பம்ப் என்றால் நிற்பதுதான் சரி, இல்லையென்றால் மாடி குளமாகிவிடும்.

இன்னொன்று: மேலே ஆள் பெல்ட் மாற்றும்போது கீழேயிருந்து யாரும் ஸ்டார்ட் கொடுக்க முடியக் கூடாது. லோக்கல் ஸ்விட்ச் வயரிங்கிலேயே வெட்ட வேண்டும், திரையில் ஒரு பொத்தான் மங்கலானால் போதாது. மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் ஸ்விட்சுக்குப் பூட்டும் போடுங்கள்.

ஜூரோங்வாசி:
நடு ரெசிஸ்டரை எடுத்ததும் 60 வந்தது, எண்கள் பெரும்பாலும் நிற்காமல் வருகின்றன. ட்ரே வேலை அடுத்த ஷட்டவுனில். டிரைவில் 'நிறுத்து'தான் இருந்தது, 'ஓடு' என்று மாற்றியாகிவிட்டது. சென்சாருக்கு ஆர்டர் போட்டிருக்கிறோம். இதற்கிடையில் முதலாளி அதே மாடியில் சின்னக் காற்றாலை ஒன்று வைத்து இதே திரையில் பார்க்க வேண்டும் என்கிறார்!

முப்பந்தல்காரன்:
திரையில் பார்க்கலாம், ஆனால் பூஜ்யத்தைத்தான் பார்ப்பார். காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி எட்டில் ஒரு பங்கு. சிங்கப்பூரில் சராசரிக் காற்று நொடிக்கு 2 மீட்டர் அளவுதான், சின்ன எந்திரங்கள் பலவும் 3 மீட்டருக்குப் பக்கம் வந்தால்தான் உற்பத்தியே தொடங்கும். அந்த இடத்தில் சோலார் போடச் சொல்லுங்கள். அதன் இன்வெர்ட்டரை இதே 485 கம்பியில் சேர்த்தால் டிரைவ்களின் முகவரி எண்ணோடு மோதாமல் தனி முகவரி கொடுங்கள், கடைசி முனையில் எது இருக்கிறதோ அதில்தான் ரெசிஸ்டர்.