பதில்: எண்ணெய் உச்சமா முகடா? சனிக்கிழமைக்குள்ள ஒரு சொல் வேணும்

வணக்கம்,

மலேசியா சுங்கை சிப்புட்லருந்து மறுபடியும் நான்தான், போன தடவ 'முகடு'ன்னு ஒரு சொல் சொன்னேனே. சனிக்கிழமை தோட்டத்து மண்டபத்துல படிவம் நாலு, அஞ்சு பிள்ளைங்களுக்கு எரிபொருள் கொள்கை பத்திப் பேசணும், ஸ்லைடு எல்லாம் தயார், தலைப்புல மட்டும் ஒரு சொல்லுக்கு இடம் விட்டு வச்சிருக்கேன். நிலத்துலருந்து எடுக்குற எண்ணெய் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போயி, ஒரு கட்டத்துக்கு மேல ஏற முடியாம அங்கருந்து கொறைய ஆரம்பிக்குதே, அந்தத் திரும்புற எடத்துக்குத்தான், இங்கிலீஷ்ல 'பீக் ஆயில்'ங்கிறாங்களே, அதுக்குத் தமிழ்ல பேரு வேணும்.

> 'எண்ணெய் உச்சம்'னே போடுங்க, எல்லாருக்கும் புரியும்.

கிள்ளான் அக்கா, புரியும், ஆனா தப்பாப் புரியும். நேத்து போர்டுல எழுதிப் பார்த்தேன், ஒரு பொண்ணு உடனே "வெல ஏறிடுச்சா சார்"னு கேட்டுச்சு. பேப்பர்ல 'விலை உச்சம்'னுதானே பார்க்குறாங்க. ஜாதகத்துல குரு கடகத்துல உச்சம்னா நல்ல காலம். 'உச்ச எண்ணெய்'னு மாத்திப் போட்டா தல உச்சியில வைக்கிற எண்ணெய்தான் ஞாபகம் வருது.

> அப்ப 'எண்ணெய் வற்றல்'?

வேணாம் தம்பி, வத்திப் போறது வேற. ஹப்பர்ட்னு ஒரு அமெரிக்க நிலவியல் அறிஞர் 1956ல சொன்னது அமெரிக்காவுல எண்ணெய் தீர்ந்துடும்னு இல்ல, 1965லருந்து 1970க்குள்ள உற்பத்தி உச்சிக்குப் போயித் திரும்பும்னுதான். 1970ல திரும்புச்சு. அதுக்கப்புறமும் இறைச்சுக்கிட்டேதான் இருந்தாங்க, பாறைய ஒடச்சு எடுக்குற முறை பெருகினப்புறம் பழைய அளவையும் தாண்டிட்டாங்க. அதனாலதான் 'முகடு'ன்னு சொன்னேன், மலைத்தொடர்ல ஒரு முகடு எறங்கி இன்னொண்ணு ஏறும். நம்ம நாட்டுலயே பாருங்க, 1980ல பெரிய எண்ணெய் வயல்கள்ல எடுக்குற அளவுக்கு வரம்பு கட்டுனாங்க, 1981ல எண்ணெய மட்டும் நம்பாம எரிவாயு, நீர்மின்சாரம், நிலக்கரின்னு எரிபொருளப் பிரிச்சுக்கிட்டாங்க. அப்ப ஒண்ணும் வத்திப் போயிடல, எறக்கத்தத் தள்ளிப் போடத்தான் அவ்வளவும்.

எங்கம்மா முப்பது வருஷம் பால்மரம், அதான் ரப்பர் மரம், சீவினவங்க. உற்பத்தி ஏறி எறங்குற வளைகோட்டப் படம் போட்டுக் காட்டினா ஒரு நிமிஷத்துல சொல்லிட்டாங்க, "மரத்துல பால் இருக்கும்டா, மங்குக் கிண்ணத்துல விழறதுதான் கொறையும், அது எறங்குமுகம்." இவ்வளவு தெளிவா எந்தப் பாடப்புத்தகத்துலயும் நான் படிச்சதில்ல.

> எண்ணெய் என்பதே எள் + நெய். மண்ணிலிருந்து வருவதை எள்ளோடு முடிப்பது பிழை. கல் + நெய் = கன்னெய். 'கன்னெய் முகடு' என்க.

ஈப்போ ஐயா, புணர்ச்சி சரி, கன்னெஞ்சு மாதிரி. ஆனா தேங்காயெண்ணெய், வெளக்கெண்ணெய்னு சொல்றப்பவே எள்ள எப்பவோ விட்டாச்சே. கன்னெய்னு சத்தமா சொல்லிப் பாருங்க, கடைசி வரிசைக்கு 'கண்ண'ன்னுதான் கேக்கும். ஒண்ணு மட்டும் ஒத்துக்குறேன், பிரிச்சுக் காட்டியே ஆகணும். இந்த ஊருல சுத்தி செம்பனை, அதான் பாமாயில் மரம், எண்ணெய் கொறையுதுன்னா ஆலையிலயான்னுதான் கேப்பாங்க. போதாததுக்கு 2019ல வண்டிக்குப் போடுற டீசல்லயே பத்து சதவீதம் செம்பனை கலக்க ஆரம்பிச்சாங்க. அதனால 'கச்சா எண்ணெய் முகடு'ன்னு வச்சுக்கலாமா? கச்சா இந்தின்னு சொல்வீங்க, தெரியும், ஆனா அது செய்தியில கேட்டுப் பழகின சொல்லு.

*

கிள்ளான்லருந்து: தம்பி, 'கச்சா செம்பனை எண்ணெய் விலை'ன்னும் அதே செய்தியிலதான வருது? உங்க ஊருல கச்சான்னா அதுதான் மொதல்ல. பேசாம உச்சம்னு போட்டுட்டுக் கீழ ரெண்டு வரி வெளக்கம் எழுதுங்க.

*

ஈப்போவிலிருந்து: கச்சாவும் வேண்டா, இனி யோசித்தால் முகடும் வேண்டா. 'மாமுகடி' என்கிறது குறள் 617, 936இலும் முகடி உண்டு. அவள் மூதேவி. பிள்ளைகள் காதில் அந்த ஒலியா விழ வேண்டும்?

*

அக்கா, கச்சா விஷயத்துல நீங்க சொன்னது சரி, எனக்குத் தோணல. ஐயா, முகடி வேற முகடு வேற, கூரை முகட்டுக்குக் கீழதானே எல்லாரும் படுக்குறோம், அத யாரும் மூதேவின்னு சொல்றதில்ல. இதுவரைக்கும் உச்சத்துக்கு அஞ்சு பேரு, முகடுக்கு மூணு, கன்னெய்க்கு ஐயா ஒருத்தர். எண்ணிக்கையில தோத்துட்டேன், இருந்தாலும் அந்தப் பொண்ணு கேட்ட கேள்விய வச்சுக்கிட்டு என்னால உச்சம்னு எழுத முடியல. 'பெட்ரோலிய முகடு'ன்னு போட்டு, அடியில 'எறங்குமுகம் தொடங்கும் இடம்'னு அம்மா சொல்லையும் சேர்த்து நாளைக்குக் காலையில பிரிண்டுக்குக் கொடுக்குறேன்.

*

ஈப்போவிலிருந்து: இறங்குமுகம் நல்ல சொல். அதையே தலைப்பாக்கியிருக்கலாம். பெட்ரோலியமும் தமிழில்லை, அதற்கு என் மறுப்பு உண்டு.