இளையோர் பிரிவில் ஜீன்ஸ், டி-ஷர்ட் கூடாதா?

நூலேணி:
எங்கள் நூலகத்தில் பணியாளர் உடை விதிகளைத் திருத்துகிறார்கள். ஜீன்ஸ் கூடாது, டி-ஷர்ட் கூடாது, காலர் வைத்த சட்டையோ அதற்கு இணையான அலுவலக உடையோ வேண்டும் என்கிறது வரைவு. இளையோர் பிரிவுக்கும் இதே விதிதான். நான் எதிர்த்து எழுதப்போகிறேன். 12 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளோடு வேலை செய்கிறவர் நாள் முழுவதும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதில்லை. காமிக்ஸ் வரிசையின் கீழ்த்தட்டை அடுக்க முழங்காலிடுகிறோம், பலகை விளையாட்டுக்குத் தரையில் சம்மணமிடுகிறோம், சுவரொட்டிப் பட்டறை முடியும்போது முழங்கை வரை வண்ணமும் பசையுமாக நிற்கிறோம். இதற்கு இஸ்திரி மடிப்பு எதற்கு? பள்ளியில் அதட்டு வாங்கியே பழகிய பிள்ளை, விறைப்பாக உடுத்திய ஒருவரைக் கண்டால் வாசலோடு திரும்பிவிடுகிறது. அந்தப் பிள்ளைக்குத்தான் நாம் அதிகம் தேவை.

மேசைவிளக்கு:
நான் வரைவின் பக்கம். நம் பிரிவைப் பொழுதுபோக்கு அறை என்று மற்றப் பிரிவினர் நினைப்பதில் நம் உடைக்கும் பங்கு உண்டு. நிதி ஒதுக்கும் கூட்டத்தில் கேலிச்சித்திர டி-ஷர்ட்டோடு உட்கார்ந்தவர் கேட்கும் தொகையும் சின்னதாகவே தெரிகிறது. பிள்ளைகளின் தரப்பிலிருந்தும் பாருங்கள். வீட்டில் அடி வாங்கிய பதினைந்து வயதுப் பெண் நம்மிடம் வந்து நின்றால், அவளுக்கு வேண்டியது பொறுப்பேற்கக்கூடிய பெரியவர். தன்னைப் போலவே உடுத்திய இன்னொரு தோழி அல்ல. உடை அணிபவரையும் மாற்றுகிறது. 2012இல் ஆடம், கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் வெள்ளை மேலங்கி ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். அது மருத்துவருடையது என்று நம்பி அணிந்தவர்களின் கவனம், ஓவியருடையது என்று நம்பி அணிந்தவர்களுடையதைவிடக் கூர்மையாக இருந்தது.

பழுப்புத்தாள்:
அந்த ஆய்வின் முதல் சோதனையை 2019இல் வேறொரு குழு, கூடுதல் ஆட்களை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தது. பழைய விளைவு கிடைக்கவில்லை. அதன்மேல் ஒரு விதியைக் கட்டாதீர்கள்.

முறையான உடை மதிப்பைக் கூட்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம். 2003இல் நான்சி பேர்ல் என்ற நூலகரின் உருவில் ஒரு பொம்மை விற்பனைக்கு வந்தது. கோட்டு அணிந்த உருவம். முதுகிலுள்ள பொத்தானை அழுத்தினால் விரல் உதட்டுக்குப் போய் ‘உஷ்’ காட்டும். நூலகர்கள் பலர் கொதித்தார்கள். நாம் கழற்ற நினைக்கும் தோற்றம் அதுதானே! சிகாகோ பொது நூலகம் 2009இல் யூமீடியா என்ற இளையோர் கூடத்தைத் திறந்தபோது, நூலகர்களோடு கலைத் துறைகளில் பழகிய வழிகாட்டிகளையும் அமர்த்தியது. பதின்வயதினர் தேடி வருவது ஒரு வேலையை உண்மையாகச் செய்கிற மனிதரை. அவர் காலரை அல்ல.

அந்திப்பணி:
எனக்கு வயது இருபத்து நான்கு, பார்த்தால் பதினேழு என்பார்கள். டி-ஷர்ட்டில் நின்றால் பிள்ளைகளின் பெற்றோர் என்னைத் தாண்டிப் போய் ‘இங்கே பொறுப்பில் யார்?’ என்று கேட்கிறார்கள். பையன்கள் சிலர் வேறு மாதிரிப் பேச்சுக் கொடுக்கிறார்கள். மேலே ஒரு கோட்டு மாட்டிய நாளில் இரண்டும் நிற்கின்றன. தளர்வான உடை எல்லோருக்கும் ஒரே மாதிரி சுதந்திரம் தருவதில்லை, நூலேணி. நாற்பது வயதுக்காரர் டி-ஷர்ட் அணிந்தால் ‘எளிமையானவர்’. நான் அணிந்தால் பணியாளராகவே தெரிவதில்லை.

நூலேணி:
கோட்டு உங்களுக்கு உதவுகிறது என்றால் தாராளமாக அணியுங்கள். என்னையும் அணியச் சொல்லாதீர்கள் என்பதுதான் என் வாதம். பணியாளர் யார் என்று தெரியவேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. வாசகரின் நேரத்தைச் சேமி என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இலேயே விதி வகுத்துவிட்டார். கூச்சமுள்ள பிள்ளை தவறான ஆளிடம் ஒருமுறை கேட்டுவிட்டால் மறுபடி வாய் திறக்காது. அதற்குப் பெரிய எழுத்தில் பெயர் தெரியும் அடையாள அட்டையும், எல்லோருக்கும் ஒரே நிறக் கழுத்துப் பட்டையும் போதும். இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பட்டையாக இருக்கட்டும்; முப்பரிமாண அச்சுப்பொறி அருகே குனிகிறோம்.

மேசைவிளக்கு:
அட்டை கழுத்தில் திரும்பிக்கொள்ளும், மேசையில் மறந்துபோகும். தீ அபாய மணி அடித்தால் முப்பது பிள்ளைகள் யாரைப் பார்த்து நகர்வார்கள்? தூரத்திலிருந்தே தெரியவேண்டும். இன்னொரு சங்கடம், பிள்ளைகளின் பாணியைப் பெரியவர்கள் பின்பற்றுவது. அது நடிப்பென்று முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு நாம் பரிந்துரைக்கும் புத்தகத்தையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

பழுப்புத்தாள்:
நடிப்பைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் காலர் சட்டையில் இயல்பாக இல்லாதவர் அதை அணிவதும் நடிப்புதான். இன்னொன்றையும் யாராவது சொல்லவேண்டும்: இப்படிப்பட்ட விதிகளை அமல்படுத்தும்போது அளவுநாடா பெண்களின்மேல்தான் போகிறது. கழுத்து எவ்வளவு, கை எவ்வளவு, கூந்தலில் என்ன நிறம். ஆண்களிடம் சட்டை கசங்கியிருக்கிறது என்பதற்கு மேல் யாரும் கேட்டதாக நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு நூலகர் எல்லோர் முன்னும் கண்டிக்கப்பட்டால், தன் உடலைப் பற்றியே கூசிக்கொண்டிருக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்திப்பணி:
இது கனமான வாதம். விதி ஆடையின் பெயரைச் சொல்லாமல் தேவையைச் சொல்லட்டும்: குனியவும் உட்காரவும் தடையில்லாத, சுத்தமான, பணியாளர் என்று காட்டுகிற உடை. வாசகம் எழுதிய டி-ஷர்ட்டை மட்டும் தனியாகப் பேசவேண்டும். கதாபாத்திரப் படம் போட்ட பேட்ஜ் ஒன்று, பேசாத பிள்ளையையும் பேசவைக்கும். அதே இடத்தில் கட்சிச் சின்னம் இருந்தால் பாதிப் பேர் விலகிவிடுவார்கள்.

மேசைவிளக்கு:
தேவையைச் சொல்லும் விதியை ஏற்கிறேன், ஜீன்ஸை ஏற்கவில்லை. நூலகத்தின் பெயர் அச்சிட்ட ஒரே நிற மேலங்கியை நிர்வாகமே செலவு செய்து தரட்டும். சம்பளத்தில் அலுவலக உடை வாங்கச் சொல்வது நியாயமில்லை என்பதில் உங்களோடு நிற்கிறேன். உள்ளே என்ன அணிந்தாலும் தூரத்திலிருந்து தெரியும், வண்ணமும் பசையும் அதன்மேல் படட்டும்.

நூலேணி:
பையுள்ள மேலங்கி என்றால் சரி. சாவிக்கொத்தையும் பென்சில்களையும் வைக்க இடம் வேண்டும். வெளியில் பள்ளிகளுக்குப் போகும் நாளுக்கும் கூட்டங்களுக்கும் அலுவலக உடை என்று நானே எழுதித் தருகிறேன். ஆனால் ஜீன்ஸ் தடையை நீக்கச் சொல்லும் வரி என் கடிதத்தில் முதல் வரியாகவே இருக்கும்.