பிரான்ஸில் தம்பிக்கு பேங்க் கணக்கு திறக்க முடியவில்லை, உதவுங்கள்

கலைச்செல்வி, லாஸ்பேட்டை:
வணக்கம். தம்பி வேலைக்காகப் பாரிஸ் பக்கம் போயிருக்கிறான். சித்தப்பா வீட்டில்தான் தங்கல். வேலையில் 'ரிப்', அதாவது வங்கிக் கணக்கு விவரச் சீட்டு, கேட்கிறார்கள். பேங்க்கில் கேட்டால், கரண்ட் பில் உன் பெயரில் இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தனி வீடு பார்க்கலாம் என்றால் அதற்குச் சம்பளச் சீட்டு வேண்டுமாம். இப்போதைக்குச் சம்பளத்தைச் சித்தப்பா கணக்கில் போடச் சொல்லலாமா? அம்மா சரியாகத் தூங்குவதே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அந்துவான், வைத்திக்குப்பம்:
அது முடியாதும்மா. 2022 டிசம்பரிலிருந்து அங்கே சம்பளம் வேலை செய்கிறவர் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். மாதம் 1,500 யூரோவுக்கு மேல் என்றால் ரொக்கமாகவும் தர மாட்டார்கள்.

சித்தப்பாவிடம் ஒரு கடிதம் வாங்கச் சொல்லுங்கள். 'அத்தெஸ்தாசியோன் தெபெர்ஜ்மான்' என்றால் பேங்க்கில் புரிந்துகொள்வார்கள். இன்ன தேதியில் பிறந்த இன்னார், இந்தத் தேதியிலிருந்து என் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே சித்தப்பாவின் அடையாள அட்டை நகல், அவர் பெயரில் 3 மாதத்துக்குள் வந்த கரண்ட் பில்.

கலைச்செல்வி:
வேறொரு கிளையில் அதையும் கொடுத்தான் ஐயா. வாங்கிப் பார்த்துவிட்டு முடியாது என்றார்களாம். எழுத்தில் எதுவும் தரவில்லை.

அந்துவான்:
எழுத்தில் தரத்தான் வேண்டும், அதற்குக் காசும் கேட்கக்கூடாது. இப்போது அந்த மறுப்புக் கடிதம்தான் முக்கியம். அதை வைத்து அந்நாட்டு மத்திய வங்கியான பாங்க் து பிரான்ஸில் நேரிலோ இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். அங்கே வசிக்கிற, கணக்கே இல்லாத எவருக்கும் ஒரு கணக்கு கிடைக்கச் சட்டமே இருக்கிறது. காகிதங்கள் சரியாக இருந்தால் ஒரு வேலைநாளில் ஒரு வங்கியை அவர்களே குறித்துக் கொடுப்பார்கள். அந்த வங்கி, ஆவணம் எல்லாம் கைக்கு வந்த 3 வேலைநாளுக்குள் கணக்கைத் திறந்தாக வேண்டும். செக் புத்தகம் வராது. ஆனால் ரிப், கார்டு இரண்டும் இலவசம். சம்பளம் வாங்க, வாடகை கட்ட அது போதும்.

பேங்க்கில் 'முடியாது' என்றதும் நம் பிள்ளைகள் மரியாதைக்காகத் திரும்பி வந்துவிடுகிறார்கள். இது கெஞ்சிக் கேட்கிற விஷயம் இல்லை, தைரியமாக நின்று கேட்கட்டும்.

பிரகாஷ், மஞ்சக்குப்பம்:
அக்கா, ஊரில் தம்பிக்கு இருக்கும் சேமிப்புக் கணக்கையும் கவனியுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போனபின் அதை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் ஊரில் உள்ள பணத்துக்கு வைக்கும் கணக்கு) மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக என்ஆர்இ கணக்கு திறந்தால் வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தைத் திரும்ப அங்கே கொண்டுபோகவும் தடை இல்லை.

கலைச்செல்வி:
ரொம்ப நன்றி. நாளைக் காலையே அந்தக் கிளைக்குப் போய் எழுதித் தரச் சொல்கிறேன் என்கிறான். பாஸ்போர்ட் நகல் போதுமா ஐயா?

அந்துவான்:
அசலையும் எடுத்துப் போகட்டும்மா. விசா பக்கத்தையும் சேர்த்து நகல் எடுத்து வைக்கட்டும்.